என் நம்பருக்கு வந்த ரிப்போர்ட்

ஆவணி 19, வியாழன்

விடியக்காலம் தூறல். ஏழு மணிக்கே சுள்ளுன்னு வெயில். வாய்க்கால்ல முழங்கால் தண்ணி ஓடுதுன்னு இவர் வந்து சொன்னார். சம்பா நாற்றங்காலுக்கு நாளைக்கு உழவு.

இவருக்கு சர்க்கரை, வெறும் வயிறு: 148. போன வியாழன் 171. மாத்திரை ரெண்டும் என் கண்ணெதிரே போட்டுக்கிட்டார். (கண்ணால பார்க்காம 'சாப்பிட்டார்'னு நோட்டுல எழுதறதில்லை.)

வியாழக்கிழமை வேலை:
– விளக்கு அஞ்சும் புளி போட்டுத் துலக்கியாச்சு. வெள்ளியில துலக்கக் கூடாது.
– சாமி படம் துடைச்சாச்சு. நாளைக்குப் பிரதோஷம், வில்வம் சொல்லி வச்சாச்சு.
– போனும் துலக்கியாச்சு. லோன் வேணுமா, பரிசு விழுந்திருக்கு, அது இதுன்னு இங்கிலீஷ் மெசேஜ் எழுபது எண்பது. நீல எழுத்துல எது வந்தாலும் தொடாதே, அழின்னு பேப்பர்லயே போட்டிருந்தான். ஒரு வாரம் விட்டாலும் போன் நிறைஞ்சு போயிடுது.

பத்து மணிக்கு, எதிர்வீட்டு ராணிக்கு லேப்லேர்ந்து போன். என் நம்பரைத்தான் கொடுத்திருக்கா. போய்ச் சொன்னேன். ரத்தம் ஒன்பது பாயிண்ட் ரெண்டு, டாக்டரைப் பார்க்கணும். நோட்டுல ஏத்தியாச்சு. ஆஸ்பத்திரியில நம்பர் கேட்டா இந்தத் தெருவுல அஞ்சு பேர் என் நம்பரைத்தான் சொல்றாங்க. ஆம்பளைங்க போன் வயலுக்குப் போயிடுது, பிள்ளைங்க போன் காலேஜுக்குப் போயிடுது. "வசந்தாக்கா எடுப்பாங்க, எழுதி வச்சு வந்து சொல்லுவாங்க"ன்னு ராணி அவ மாமியார்கிட்ட சொன்னது காதில விழுந்துச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. எட்டாவது படிச்சவ, மாத்திரை அட்டையைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்து கூட்டக் கத்துக்கிட்டவ, வேறென்ன வேணும்.

திரும்பி வர்றப்ப புவனா வாசல்ல கோலத்தை அழிச்சுட்டு நின்னா. இவர் தம்பி பெண்டாட்டி. அவ நிமிரலை, நானும் நிக்கலை. வாய்க்கால் மடையில அண்ணன் தம்பிக்குத் தகராறு வந்து பதினாலு மாசம். அதோட எங்களுக்கும் பேச்சு நின்னு போச்சு.

வீடு வீடா சர்க்கரை பார்க்க வர்ற நர்ஸம்மா சொல்லிட்டுப் போனாங்க: சென்னையிலேர்ந்து ஒரு பொண்ணு வருமாம். டாக்டர், மாத்திரை, லேப், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே ஆப்புல வர்ற மாதிரி செய்யறாங்களாம். "உங்களை மாதிரி ஆளுங்க அதை எப்படி உபயோகிக்கிறாங்கன்னு பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணுமாம்."
"என்னை மாதிரின்னா?"
"நோட்டுப் போடறவங்க."
செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியாச்சு. ராகுகாலம் முடிஞ்சு.


ஆவணி 24, செவ்வாய்

காலையில மூட்டம். மழை இல்லை. ச. 152.

முறையா எழுதணும். வரிசையா எழுதறேன்.

அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ணு வந்துச்சு. நிவேதா. இருபத்தஞ்சு, இருபத்தாறு இருக்கும். முதல்ல ஆன்ட்டின்னுச்சு, அம்மான்னே கூப்பிடும்மான்னேன். நோட்டைக் காட்டினேன். பக்கம் பக்கமாப் புரட்டிப் பார்த்துச்சு. "பழையதுக்கு முன்", "வயல்லேர்ந்து வந்ததும்"னு நான் மாத்திரைக்குத் தலைப்புப் போட்டிருக்கிறதை அப்படியே எழுதிக்கிச்சு. ஆப்புல காலை எட்டு மணி, இரவு எட்டு மணிதான் இருக்காம். எட்டு மணிக்கு இவர் சேத்துல நிப்பார், போன் அடுப்படியில அடிச்சுக்கிட்டு இருக்கும்னேன்.

"நீங்க பாட்டுக்கு பண்ணுங்கம்மா. தப்பு பண்ணாலும் நான் சொல்லித் தர மாட்டேன். தப்பு உங்களோடது இல்ல, எங்களோடது."

இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை.

மூலையில மூணு கோடு இருந்துச்சு. விபூதிப் பட்டை போட்டிருக்காங்க, சாமி படம் வரும் போலன்னு தொடவே இல்லை. அதைத் தொட்டாத்தான் எல்லாம் வருமாம். சிரிச்சுச்சு. அதையும் எழுதிக்கிச்சு.

அப்புறம் என் நம்பரைப் போடச் சொல்லிச்சு. மெசேஜ்ல நாலு நம்பர் வந்துச்சு, அதையும் போட்டேன். 'உங்கள் எண்ணுடன் 7 பேரின் பதிவுகள் கிடைத்தன'ன்னு வந்துச்சு. அந்தப் பொண்ணு முகம் மாறிப் போச்சு. மாதிரிப் பேரு ஏதோ வரணுமாம், நிஜமாவே லேப்லேர்ந்து வந்துடுச்சாம்.

முதல் பேரு என் மாமியார். வயசு 81. 'சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிட்டீர்கள்.' செத்துப் போய் ரெண்டு வருஷம். இவர் கதவுகிட்ட நின்னு, "அங்க போயும் விட மாட்டேங்கறானுங்களே"ன்னார். அதுக்கும் சிரிச்சோம்.

அடுத்தது ராணி. அதுக்கடுத்தது புவனேஸ்வரி, வயசு 43.

அவ பேரு என் போன்ல எப்படி? பழைய காய்ச்சல் ரிப்போர்ட்டா இருக்கும்னு தொட்டுட்டேன். தொட்டது நான். ஆகஸ்ட் 20ன்னு போட்டிருந்துச்சு. காலண்டரைப் பார்த்தேன்: ஆவணி 4, புதன். இடது மார்பு, ஊசி வச்சு எடுத்த டெஸ்ட். கீழே இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை, எழுத்துக் கூட்டினேன். புரியலை. நிவேதா கை வந்து திரையை மூடிச்சு. அந்தக் கை மூடினதுலதான் புரிஞ்சுச்சு.

"அம்மா, இதை நான் பார்த்திருக்கக் கூடாது. நீங்களும் பார்த்திருக்கக் கூடாது."
"கேன்சரா?"
போனை என் கையிலேர்ந்து வாங்கிக் கவுத்து வச்சுச்சு.
"சொல்லும்மா."
"நான் டாக்டர் இல்லம்மா. அவங்க உடனே டாக்டரைப் பார்க்கணும். அவங்களுக்குத் தெரியும்தானே? அன்னிக்கே மெசேஜ் வந்திருக்கும். இந்த நம்பருக்குத்தான்."

இந்த நம்பருக்கு. ஆவணி 4 புதன்கிழமை வந்திருக்கு. மறுநாள் வியாழன். நான் போன் துலக்கியிருக்கேன்.

விளக்கு ஏத்தலை இன்னும். எழுந்து போய் ஏத்தணும்.


ஆவணி 25, புதன்

ச. பார்க்க மறந்தேன். நோட்டுல ஒரு கட்டம் காலி. ஆறு வருஷத்துல முதல் காலி.

இவர்கிட்ட நேத்தே சொன்னேன். "நாம வேணும்னே மறைச்சோம்பான்"னார். தம்பியைச் சொல்றார். "நர்ஸம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லலாமே?"
"இந்த வாரம் அவங்க சனிக்கிழமைதான் வருவாங்க. இன்னும் நாலு நாள் ஆகும்."
"அப்ப நீயே போ. நான் வரலை. நான் வந்தா பேச்சு மடைக்குப் போயிடும்."

பத்து மணிக்குப் போனேன். குங்குமம் வச்சுக்கிட்டு, வெறும் கையோட போகக் கூடாதேன்னு வாழைப்பழம் ரெண்டு எடுத்தேன். எங்க வாசல் தாண்டறப்ப திண்ணையிலேயே வச்சுட்டேன். என்ன விசேஷம்னு பழம்.

புவனா பின்கட்டுல சாக்கைப் பிரிச்சு, விதை நெல்லு முளை விட்டிருக்கான்னு கையை விட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தா. என்னைப் பார்த்தா. கையை எடுக்கலை.

"வாங்க"ன்னா. அக்கான்னு கூப்பிடலை.
"உன் ரிப்போர்ட் வந்திருக்கு."
"எந்த ரிப்போர்ட்டு?"
"ஊசி வச்சு எடுத்தாங்களே."
"ஒண்ணுமில்லதானே அது."
"ஒண்ணுமில்லன்னு யார் சொன்னா?"
"நீங்க வரலையே. வந்து சொல்லலை, அதனால ஒண்ணுமில்லன்னு இருந்துட்டேன்."

இதுக்கப்புறம் எனக்கு ரெண்டு நிமிஷம் ஞாபகம் இல்லை. தவிட்டு வாசம் மட்டும் ஞாபகம் இருக்கு.

அவ கேட்டா, என்ன நோய்னு நான் சொன்னேன். என் நம்பர் போன கதையை அவ சொன்னா. பையன் போன் கீழே விழுந்து உடைஞ்சு, இவ போனைத் திருச்சி ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போயிட்டான். புருஷன் நம்பரைக் கொடுத்தா, அறுப்பு மெஷினோட ஊர் ஊராப் போற மனுஷன், நாலு பேர் நடுவுல படிப்பார். கவுண்டர்ல நம்பர் கேட்டாங்க, வாயில வந்தது என் நம்பர்தான்.

"பேச்சே இல்லையே நமக்கு, எப்படி கொடுத்தே?"
"பேச்சு இல்லாட்டி என்ன. என்னைத் திட்டிக்கிட்டாவது வந்து சொல்லிடுவீங்கன்னு தெரியும்."

அழிச்சுட்டேன்னு சொன்னேன். மறைக்கலை. வியாழக்கிழமை போன் துலக்கறதையும், நீல எழுத்தையும் சொன்னேன். "படிக்காம அழிச்சுட்டேன் புவனா. உன் பேரு அதுல இருக்கும்னு எனக்குத் தெரியாது."

முளை விட்ட நெல்லைக் கையில எடுத்து உதிர்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம், "எத்தனை நாளாச்சு"ன்னா.
"இருபது."
"வலி இல்லக்கா. அதான் பயமா இருக்கு இப்ப."

அக்கான்னு சொன்னா. காதில விழுந்துச்சு. சந்தோஷப்படக்கூட முடியலை.

சாயந்திரம் கொழுந்தனார் வந்துட்டார், மன்னார்குடி பக்கம் மெஷினை விட்டுட்டு. அதுவரைக்கும் அவருக்கு டெஸ்ட் எடுத்ததே தெரியாது. எங்க வாசல்லயே நின்னு கேட்டார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.
"மடையைத்தான் அடைச்சீங்க. ரிப்போர்ட்டையும் அடைப்பீங்களா அண்ணி?"
நான் தலை குனிஞ்சு நின்னேன். இவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு உள்ளேயே இருந்தார்.
பின்னாடியே புவனா வந்துட்டா. "சும்மா இருங்க. சண்டை தண்ணிக்கு. என் உடம்புக்கு இல்ல. நீங்க என்னிக்காவது என்ன ஏதுன்னு கேட்டீங்களா?"
அவர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனார். வாய்க்கால்கரை வரைக்கும் போய் அங்கேயே உட்கார்ந்திருந்ததா ராணி சொன்னா.


ஆவணி 26, வியாழன்

தஞ்சாவூர். ஆறு பத்து பஸ். நான், புவனா, கொழுந்தனார். பஸ்ல கூட்டம் இல்லை. மூணு பேரும் மூணு சீட்ல.

கொண்டு போனது: பழைய சீட்டு, ஆதார், இன்சூரன்ஸ் அட்டை, ரிப்போர்ட் (என் போன்ல புவனாகிட்ட சம்மதம் கேட்டுட்டு நிவேதா அனுப்பினது, நேத்தே கடையில அச்சடிச்சது), தண்ணி, இட்லி, என் நோட்டு. புவனாவுக்குப் புது பக்கம் போட்டிருக்கேன்.

ஆஸ்பத்திரி பேர் எழுத வேண்டாம். டாக்டரம்மா நல்லவங்க, வேகமாப் பேசறாங்க. இன்னும் ரெண்டு ஸ்கேன். அப்புறம் ஆபரேஷன், அப்புறம் மருந்து ஏத்தறது. கட்டி இன்னும் பெருசில்லை.

மத்தவங்க வெளியே போனதும் நான் நின்னு கேட்டேன். "டாக்டர், இருபது நாள் என்னால போச்சு. அதுல கெட்டுப் போயிருக்குமா?"
அவங்க எழுதறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க. "இருபது நாள்ல பரவிடாதும்மா. பரவலைன்னு எழுதியும் தர முடியாது."
எழுதித் தரச் சொல்லி நான் கேட்கலை. ஆனா அதைத்தான் கேட்டிருக்கேன்னு வெளியே வந்ததும் தெரிஞ்சுச்சு.

புவனா இட்லி நாலு சாப்பிட்டா. நான் ஒண்ணு. கொழுந்தனார் டீ மட்டும்.

இன்னிக்கு வியாழன். விளக்கு துலக்கினேன். போனைத் தொடலை.


ஆவணி 29, ஞாயிறு

ஸ்கேன் ரெண்டும் ஆச்சு. வேற எங்கேயும் இல்லையாம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சேன்.

ஆபரேஷன் வர்ற வெள்ளிக்கிழமைன்னு டாக்டரம்மா தேதி கொடுத்துட்டாங்க. புரட்டாசி 3. விட்டா அடுத்து பத்து நாளைக்கு அவங்க ஊர்ல இல்லை.

கொழுந்தனார் வீட்டுல பேச்சு. மாளய பட்சம் நடக்குது, முன்னோர் நாள், நல்லது எதுவும் செய்யறதில்லை. அதுவும் வெள்ளி. "அமாவாசை போகட்டும், நவராத்திரி பொறந்ததும் வச்சுக்கலாமே"ன்னு அவர். ராணி மாமியாரும் ஆமாம்னாங்க. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. தெருவுல காது குத்தறதுலேர்ந்து போர் போடறது வரைக்கும் பஞ்சாங்கம் பார்த்து நாள் சொல்றவ நான்தான். பட்சத்துல புதுச்சேலை கூடக் கட்ட விட மாட்டேன்.

"வெள்ளிக்கிழமையே"ன்னேன்.
"அண்ணி, நீங்களா சொல்றீங்க?"
"ஆமா. நான்தான் சொல்றேன். இனிமே ஒரு நாள் கூடத் தள்ளக் கூடாது."

என் வாயா பேசுச்சுன்னு இருந்துச்சு. புவனா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. எழுந்து போய்த் துணியை மடிக்க ஆரம்பிச்சா.

கோயிலுக்குப் போய் அம்பாள்கிட்ட சொல்லிட்டு வந்தேன். உத்தரவு கேட்கலை. சொல்லிட்டு வந்தேன், அவ்வளவுதான்.


ஆவணி 30, திங்கள்

வெயில். நாற்றங்கால்ல விதை விட்டாச்சு. ச. 160.

நிவேதா மறுபடி வந்துச்சு. இந்த முறை போன் இல்லை, காகிதம். போன் அளவுக்கு அட்டையை வெட்டி, திரையை எல்லாம் பென்சில்ல வரைஞ்சு வந்திருக்கு. முதல்ல புவனா வீட்டுக்குப் போய், அவ பேரு எங்கேயும் வராது, சம்மதமான்னு கேட்டுச்சு. புவனா, "நானும் வந்து உட்காரலாமா"ன்னு கேட்டு, கூடவே வந்துட்டா. பதினாலு மாசம் கழிச்சு எங்க வீட்டுக் கூடத்துல உட்கார்ந்தா. மோர் கொடுத்தேன்.

நடந்ததை ஆபீஸ்ல சொல்லிச்சாம். ஒரு நம்பர்னா ஒரு ஆளுன்னுதான் மொத்தத்தையும் கட்டியிருக்காங்களாம். இது ரொம்ப அபூர்வம், ஆயிரத்துல ஒருத்தருக்கு நடக்கறதுன்னு பெரியவர் ஒருத்தர் சொன்னாராம்.
"அவரை இந்தத் தெருவுக்கு வரச் சொல்லும்மா"ன்னேன். "வரிசையா அஞ்சு வீடு காட்டறேன்."
"அடுத்த தெருவுல தையல் டீச்சர் நம்பரு"ன்னா புவனா. "அங்க ஒம்போது பேரு."
நிவேதா அதையும் எழுதிக்கிச்சு.

புது அட்டையில: ஒருத்தர் ரிப்போர்ட்டை இன்னொருத்தர் பார்க்க முடியாது. பூட்டு படம். சட்டமும் அதுதானாம்.
"அப்ப நான் பார்த்திருக்க மாட்டேன். இவளுக்கு யார் சொல்லியிருப்பா?"
நிவேதா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. புவனாதான் சொன்னா:
"அக்கா படிக்க வேண்டாம். அக்காவுக்கு இங்கிலீஷும் வராது."
"மாத்திரை பேரு வரும்டி."
"சரி, மாத்திரை பேரு வரும். ரிப்போர்ட் வந்திருக்கு, புவனாகிட்ட சொல்லுங்கன்னு தமிழ்ல ஒரு வரி வந்தாப் போதும். என்னன்னு நான் போய்த் தெரிஞ்சுக்கறேன். மெசேஜ் வேண்டாம், போன் அடிக்கணும். அக்கா மெசேஜைத் துலக்கிடுவாங்க."

என் முகத்துக்கு நேராவே சொன்னா. நிவேதா சிரிப்பை அடக்க மோரைக் குடிச்சுச்சு. எனக்குச் சிரிக்கவும் வரலை, அழவும் வரலை.

அட்டையில புதுசா எழுதினது (என் கையால எழுதச் சொல்லிச்சு):
– இது உங்க நம்பரா, வேற யாரோடதா?
– வேறன்னா, அவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க? (அக்கா, டீச்சர், எப்படியோ.)
– அவங்ககிட்ட என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது?
– 'சொல்லிட்டேன்'னு அவங்க அழுத்தற வரைக்கும் திரும்பத் திரும்ப அடிக்கணும்.
– செத்தவங்களை விட்டுடணும்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன்னு கேட்டதும், முடிஞ்சதும் சொல்லுங்கம்மான்னுச்சு. சரின்னேன்.

வெளியே போறப்ப நிவேதாவுக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு. "தப்பு எங்களோடதும்மா." இந்தத் தடவை எனக்கு அது ஆறுதலா இல்லை. அவங்களோடது ஒண்ணு இருக்கும். என்னோடது எனக்குத் தெரியும்.


புரட்டாசி 2, வியாழன்

நாளைக்கு வேண்டியது: நைட்டி 3, துண்டு, போர்வை, ஃபிளாஸ்க், திருநீறு பொட்டலம், நோட்டு, சார்ஜர். இவருக்கு மாத்திரை ரெண்டு வேளைக்கு எடுத்துக் கிண்ணத்துல வச்சாச்சு. கண்ணால பார்க்க ஆளில்லை.

இவர் தம்பி வீட்டுக்குப் போனார், தானாவே. என்ன பேசினாங்கன்னு தெரியாது. வந்து, "நாத்துக்கு நான் தண்ணி பார்த்துக்கறேன்னு சொல்லிட்டேன், ரெண்டு பேருதுக்கும்"னார்.


புரட்டாசி 3, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தா. வாடகைக் கார் வச்சு அஞ்சு மணிக்கே வந்துட்டோம். காலையில மழை, இப்ப விட்டிருக்கு.

சேர்க்கறப்ப கவுண்டர்ல நம்பர் கேட்டாங்க. நான் வாயைத் திறந்துட்டேன். அதுக்குள்ள புவனா அவ புருஷன் நம்பரைச் சொன்னா. பத்து எண்ணையும் தயங்காம. என்னைப் பார்க்கலை. சரிதான். சரிதான்னு எனக்கே சொல்லிக்கிட்டேன்.

ஒன்பதரைக்கு நர்ஸ் வந்துச்சு. பொட்டு, வளையல், தோடு, மூக்குத்தி, கொலுசு. எல்லாம் கழட்டணும். புவனா ஒண்ணொண்ணாக் கழட்டினா. மூக்குத்தி வரலை, நான் திருகி எடுத்தேன்.
"தாலியும்மா."
"மஞ்சக்கயிறு மட்டுமாவது இருக்கட்டுமே"ன்னேன்.
"கயிறும் கூடாது பாட்டி. தியேட்டர் ரூல்."

வெள்ளிக்கிழமை. மாளய பட்சம். நாள் சொன்னது நான்.

புவனா கழுத்தைக் குனிஞ்சா. கழட்டி, கண்ணுல ஒத்திக்கிட்டு, கையில வச்சுக்கிட்டு நின்னா. கொழுந்தனார் கையை நீட்டினார். அவர் கையில கொடுக்கலை. "நீங்க வண்டி டப்பாவுல போட்டுடுவீங்க"ன்னு சொல்லிட்டு என் உள்ளங்கையில வச்சு, விரலை மடக்கி மூடிவிட்டா.

"நான் வெளிய வந்ததும் நீங்கதான் கேட்டுத் தரணும். மயக்கத்துல நான் கேட்க மாட்டேன்."
"தருவேன்."
"உடனே."
"உடனே தருவேன் புவனா."

பத்து இருபதுக்கு உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. கதவு சாத்தியாச்சு. ரெண்டரை மணி நேரம் ஆகுமாம். கொழுந்தனார் சுவத்துல தலையைச் சாய்ச்சு கண்ணை மூடிக்கிட்டு இருக்கார். தாலியை முந்தானையில முடிஞ்சுதான் வச்சேன். அது போதலை, இடது கையால முடிச்சைப் பிடிச்சுக்கிட்டே எழுதறேன்.

மணி 11.05. போன் அடிக்குது. நிவேதா. எடுக்கக் கை இல்லை.